எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனும் நம்மூர் கரண்ட்டும்: எந்த ஆம்ப் எடுக்கலாம்?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறீர்கள். மச்சான் ஜப்பானிலிருந்து ஊருக்கு வந்தபோது ஸ்டாக்ஸ் என்ற ஜப்பான் கம்பெனியின் எஸ்ஆர்-எல்300 என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதை ஓட்டுகிற ஆம்ப் கூட வரவில்லை. "வீட்ல ரெண்டு வாட் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒண்ணு சும்மா கெடக்கு, பின்னை மாத்திப் போட்டா ஓடுமா அண்ணாச்சி? இல்லன்னா ஸ்டாக்ஸோட சின்ன ஆம்ப் 252எஸ் போதுமா? அவங்க பழைய ட்யூப் ஆம்ப் டி1 ஒண்ணு ஜப்பான்ல வெலைக்கு நிக்கி, அதை எடுக்கவா? எஸ்ஆர்டி-7ங்கிற பெட்டியை வீட்டு ஸ்டீரியோவோட சேக்கவா? இல்ல, ரெண்டு வருசம் காசு சேத்து ஒரேயடியா பெருசா எடுத்துரவா?"

முதல் கேள்விக்கு முதலில். பின்னை மாற்றிப் போடவே போடாதீர்கள். ஓடாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி கதைதான்.

சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும், மின்னோட்டம் பாய்ந்தால் அசையும். உங்களிடம் இருப்பதில் காந்தமே கிடையாது. ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இரண்டு உலோகத் தட்டுகள். நடுவில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, ஒன்றிரண்டு மைக்ரான் கனமே உள்ள பிளாஸ்டிக் படலம். படலத்துக்கும் தட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி. அந்தப் படலத்தில் 580 வோல்ட் நேர்மின்னை ஏற்றி வைத்துவிடுவார்கள். இதைத்தான் பயாஸ் என்பது. இரண்டு தட்டுகளுக்கும் பாட்டை எதிரெதிராகக் கொடுத்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், படலம் ஆடும். ஆக, ஆம்ப் இரண்டு வேலை செய்தாக வேண்டும். படலத்துக்கு 580 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், தட்டுகளுக்குப் பாட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்க வேண்டும். உங்கள் இரண்டு வாட் ஆம்ப் 32 ஓம் சுமையில் கொடுப்பது கூட்டிக் கழித்தால் 8 வோல்ட். பயாஸ் அதில் அடியோடு இல்லை.

தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 1960-ல் எஸ்ஆர்-1 விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து ஸ்டாக்ஸ்காரர்கள் தங்கள் ஹெட்ஃபோனை 'இயர் ஸ்பீக்கர்' என்றுதான் சொல்லிவருகிறார்கள். அதன் ஆம்புக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'டிரைவர் யூனிட்'. ஆம்ப் என்று போட்டுத் தேடினால் பாதி சரக்கு கண்ணில் படாது.

நான் தொழில் கற்றது பாளையங்கோட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில். பிறகு இருபது வருடம் கோயில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் மைக்செட் கட்டினேன். அந்த மைக்செட் ஆம்பிலேயே இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. குழாய் ஸ்பீக்கரை அரை மைல் தூரத்தில் புளியமரத்தில் கட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு நீள வயரில் ஆற்றல் வீணாகாமல் இருக்க, ஆம்பின் பின்புறம் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை வைத்திருப்பார்கள். அங்கே பாட்டு 100 வோல்ட்டாகப் போகும். குழாய் அருகில் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக் கொடுக்கும். எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் நடப்பது இதன் தலைகீழ். கடைசி வரை இறக்காமல் உயர்ந்த வோல்ட்டாகவே காதுக்குக் கொண்டுபோகிறோம். (அதற்காக மைக்செட் ஆம்பின் 100 வோல்ட் லைனில் ஹெட்ஃபோனைக் கோத்துப் பார்த்துவிடாதீர்கள். பயாஸும் கிடையாது, எதிரெதிர் ஜோடியும் கிடையாது. இதை ஒருவர் உண்மையாகவே என்னிடம் கேட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.)

இப்போது கணக்கு. இந்த ஹெட்ஃபோன்களின் சத்தத்தை 100 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்று சொல்வார்கள். எல்300-க்கு அது 101. உங்கள் பட்டியலில் மிகச் சின்னதான எஸ்ஆர்எம்-252எஸ் தருவது 280 வோல்ட். அப்படியென்றால் 110 டெசிபல் வரை ஏறும். அதைவிடப் பெரிய ஸ்டாக்ஸ் ஆம்பான எஸ்ஆர்எம்-353எக்ஸ் 400 வோல்ட் தரும், அது 113. வோல்ட் இவ்வளவு கூடியும் வித்தியாசம் 3 டெசிபல்தான். வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்பது 70, 75 டெசிபல். தவில்காரர் ஓங்கி ஒரு அடி கொடுக்கும்போது அதற்குமேல் 20 ஏறினாலும் 95. அதற்கு எல்300 கேட்பது 50 வோல்ட். 252எஸ்ஸால் 'சத்தம் பத்தாது' என்று யாராவது சொன்னால், அவர் தம் காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்.

அப்படியானால் பெரிய ஆம்பெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் வில்லுப்பாட்டில் இருக்கிறது. குடத்து வாயில் தட்டும்போது 'தும்' என்று எழுவது அடிச்சுரம். வீசுகோல் பட்டு வில்லில் கட்டிய மணிகள் சிலிர்ப்பது உச்சிச் சுரம். மேடையில் இரண்டுமே ஆளை உலுக்கும். ஆனால் ஆம்புக்கு இரண்டும் ஒரே சுமை அல்ல. இந்த ஹெட்ஃபோன் மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரு கண்டென்சர் (மின்னூட்டத்தைத் தாங்கி வைக்கிற பாகம்), வயரோடு சேர்த்து சுமார் 110 பிகோஃபாரட். கண்டென்சருக்கு அதிர்வெண் ஏற ஏற மின்தடை குறையும். 100 ஹெர்ட்ஸில் அது 14 மெகா ஓமுக்கு மேல், 10,000 ஹெர்ட்ஸில் வெறும் 145 கிலோ ஓம். 300 வோல்ட் வைத்துக் கணக்குப் போட்டால், குடத்துக்கு 0.02 மில்லி ஆம்பியர் போதும். 10,000 ஹெர்ட்ஸ் மணிக்கு 2 மில்லி ஆம்பியர் வேண்டும், 20,000-க்குப் போனால் 4. சாதாரண ஹெட்ஃபோனில் ஆம்பைத் திணற வைப்பது குடம். இதில் மணி.

சின்ன ஆம்புகள் இந்த உச்சியில்தான் மூச்சுவாங்கும். பாட்டு உச்ச சத்தத்தில் இருக்கும்போது மணியும் ஜால்ராவும் கொஞ்சம் மங்கி, கூர்மை போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். ஆனால் நிஜமான இசையில் 20,000 ஹெர்ட்ஸில் 300 வோல்ட் அளவுக்கு எதுவும் வருவதில்லை. மேலே போகப் போகச் சத்தம் இயல்பாகவே குறைந்துவிடும். ஆகவே மிதமான சத்தத்தில் கேட்பவருக்கு இந்தக் குறை பெரும்பாலும் காகிதத்தில்தான் தெரியும். இன்னொன்று, காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்த நாகஸ்வரத்தின் பழைய மோனோ பதிவுகளைக் கேட்கத்தான் இவ்வளவும் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அந்த ஊர்ப்பக்கத்துக்காரன், ஆசை புரிகிறது. ஆனால் அந்தக் காலத்து மைக்கும் இசைத்தட்டும் பிடிக்காத மணியை எந்த ஆம்பும் கொண்டுவந்து தராது. அந்தப் பதிவுகளுக்கு எல்300-ம் 252எஸ்ஸும் தாராளம். குழல் வாசிப்பவர் மூச்சு எடுக்கிற இடம்கூடக் கேட்கும்.

வால்யூம் திருகைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த டிரைவர்கள் பாட்டை 800, 1000 மடங்கு பெருக்குகிறவை. உங்கள் டாக் (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றி ஆம்புக்குக் கொடுக்கிற பெட்டி) 2 வோல்ட் தரும். 252எஸ்ஸுக்கு முழு 280 வோல்ட் கொடுக்க உள்ளே 0.35 வோல்ட் வந்தாலே போதும். அதனால் திருகை பாதி கூடத் திருப்ப முடியாது, ஆரம்பத்திலேயே காதைப் பிளக்கும். 'இவ்வளவு கொஞ்சத்திலேயே இவ்வளவு சத்தம், ஆம்ப் பலமானது' என்று நினைத்துவிடாதீர்கள். அது பலம் அல்ல, பெருக்கம். இதில் நிஜமான தொல்லை வேறு. திருகு தொடக்கத்தில் இருக்கும்போது இடது வலது சமமாக இராது. டாக்கில் சத்தம் குறைக்கிற வசதி இருந்தால் பத்துப் பன்னிரண்டு டெசிபல் குறைத்து வைத்துக்கொண்டு, ஆம்பின் திருகை நடுப்பக்கம் கொண்டுவாருங்கள். 353எக்ஸிலும் டி1-லும் இடதுக்கும் வலதுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைத் திருகு உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து எஸ்ஆர்டி-7 பெட்டி. இது ஆம்பே அல்ல. வீட்டு ஸ்டீரியோ ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் கோத்து, உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரால் பாட்டின் வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கிற பெட்டி. எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், குறைந்த செலவில் நிறைய வோல்ட் கிடைக்கும், பழுதாகிற பாகமும் குறைவு. குறை டிரான்ஸ்ஃபார்மருடையது. அடிச்சுரம் பலமாக வந்தால் அதன் இரும்பில் காந்தம் நிறைந்துபோய்க் குடத்தின் சத்தம் கலங்கும். உச்சியில் சில இடங்களில் தன் சொந்தக் குரலைச் சேர்க்கும். ஆனால் வாங்கும் முன் எந்த எஸ்ஆர்டி-7 என்று பாருங்கள். வெறும் எஸ்ஆர்டி-7 பழைய 230 வோல்ட் பயாஸ் காலத்தது, ஆறு துளை சாக்கெட். உங்கள் எல்300 ஐந்து பின், 580 வோல்ட், 'ப்ரோ' வகை. ஐந்து பின் பிளக் ஆறு துளையில் நன்றாகவே நுழையும், பாட்டும் வரும், ஆனால் 8 டெசிபல் குறைந்து உயிரில்லாமல் வரும். விற்பவர் 'ஓடுது பாருங்க' என்று காட்டிவிடுவார். மார்க் 2 அல்லது ப்ரோ என்று எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். மறுபக்கம், பழைய ஆறு பின் ஹெட்ஃபோனை ஐந்து துளையில் செருக முடியாது, நடுப்பின் தடுத்துவிடும். அந்தப் பின்னை நறுக்கிவிட்டுச் செருகியவர்களை எனக்குத் தெரியும். பழைய வகையில் படலத்துக்கும் தட்டுக்கும் இடைவெளி குறைவு. 580 வோல்ட் ஏறினால் பொறி பறக்கலாம்.

டி1-க்கு வருவோம். பழைய ட்யூப் ரேடியோக்காரன் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு பாசம் இருக்கிறது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 300 வோல்ட் தரும். உள்ளே 6எஃப்க்யூ7 என்ற இரட்டை ட்ரையோட் இரண்டு, ஒரு காலத்தில் டிவி பெட்டிகளுக்காகச் செய்த ட்யூப். அது நம்மூர்க் கடைகளில் கிடைக்கிற சரக்கல்ல. பழைய மைக்செட் ஆம்பில் இருந்த இஎல்34 என்றால் சென்னையிலாவது கிடைக்கும், இதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். டி1 பாட்டைத் தட்டுகளுக்கு அனுப்பும் விதத்திலும் ஒரு விரயம் உண்டு. ட்யூபின் மின்னோட்டத்தில் பெரும்பங்கை அதன் ப்ளேட் ரெசிஸ்டர்களே தின்றுவிடும், ஹெட்ஃபோனுக்கு மிச்சம்தான். அந்த ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டுக் கரண்ட் சோர்ஸ் (மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கிற சுற்று) போடுகிற மாற்றத்தைப் பலர் செய்கிறார்கள். செய்தபின் அது வேறு ஆம்ப். ஆனால் உங்கள் கைக்கு வருகிற பெட்டி முப்பது வருடத்தைத் தாண்டியிருக்கும். அதன் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்றி, பேலன்ஸையும் ஆஃப்செட்டையும் (பாட்டு இல்லாதபோதும் தட்டுகளில் நிற்கிற வேண்டாத வோல்ட்) திருத்தித் தர ஆள் வேண்டும். உள்ளே பல நூறு வோல்ட் நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். செல்ஃபோன் ரிப்பேர்க் கடையில் கொடுக்கிற வேலை அல்ல. பழைய டிவி, மைக்செட் பார்த்த கை வேண்டும்.

டி1-ஐ நான் வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம், அது ஜப்பான் பெட்டி என்பது. அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஜப்பானிலேயே கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60, அதனால் பெட்டிகள் இரண்டுக்கும் சேர்த்தே செய்யப்படும். வோல்ட்தான் ஆளைக் கொல்லும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்படி வந்த ஒரு பழைய ட்யூப் டிரைவரை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நான்கு வருடம் பத்திரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். முடிந்ததும் மருமகன் உதவியாகத் திருப்பி மாட்டினான். ஜப்பான் பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களும் நம்முடைய எல்லாம்-செருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வெண்ணெயில் கத்தி போனமாதிரி நுழைந்துவிடும். நேராகச் சுவரில் போட்டான். 230 வோல்ட். பத்து நொடியில் வார்னிஷ் வாசம், பிறகு புகை. பவர் டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று. அவனைத் திட்டவில்லை. அந்தப் பிளக்கை அப்படியே விட்டுவைத்தது என் தப்பு. இப்போது அந்த மாதிரி எந்தப் பெட்டி வந்தாலும் தட்டைக்கால் பிளக்கை முதல் நாளே வெட்டிவிட்டு, ஸ்டெப் டவுனோடு ஒரே கட்டாக இணைத்துவிடுகிறேன், வேறெங்கும் செருக வழியில்லாமல்.

ஸ்டெப் டவுன் வாங்கும்போது இன்னொரு குழி. கடையில் எளிதாகக் கிடைப்பது 230-க்கு 110. பெட்டி கேட்பது 100. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். உங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற நேரம் பம்புசெட்டெல்லாம் ஓடி வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும், ராத்திரி எல்லாம் நின்றதும் 245 வரைக்கும் ஏறும். அப்போது அந்த 110 உண்மையில் 117. ட்யூபின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 7.4 போகும். நாம் நிம்மதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதும் அந்த ராத்திரி நேரத்தில்தான். டி1-ஐத்தான் எடுப்பேன் என்று அடம் பிடித்தால், மோட்டார் சுற்றுகிற வைண்டிங் கடைக்குப் போய், 230-க்கு 100 என்று சொல்லி, 150 விஏ அளவில், முதன்மைச் சுற்றும் இரண்டாம் சுற்றும் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது அரைநாள் வேலை. எர்த் கம்பியை மறக்காமல் கோக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் அந்தச் சின்ன 252எஸ் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அது வாங்குவது 12 வோல்ட் நேர்மின், தின்பது 4 வாட். ஜப்பான் அடாப்டரை மட்டும் தூர எடுத்து வைத்துவிட்டு (அதைத் தப்பித் தவறியும் சுவரில் போட்டுவிடாதீர்கள்), பெட்டியில் போட்டிருக்கிற பின் திசையைப் பார்த்து, அதே அளவில் நல்ல 12 வோல்ட் அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்கினால் நம்மூர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் ஆம்புக்கும் தொடர்பே இல்லாமல் போகும். வைஃபை ரவுட்டருக்குப் போடுகிற 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் இருந்தால் கரண்ட் போனாலும் ராகம் பாதியில் அறுபடாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் நேராகக் கோக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது அது 14-ஐத் தொடும். சூடும் இராது. பங்குனி சித்திரையில் பாளையங்கோட்டையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பக்கத்தில் ட்யூப் ஆம்ப் கனன்றுகொண்டிருக்கப் பாட்டுக் கேட்டுப் பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஈரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆம்ப் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கோளாறு ஆம்பில் இருப்பதில்லை, ஈரத்தில்தான் இருக்கும். படலத்தில் ஏற்றிய மின்னூட்டம் காற்றில் ஈரம் கூடினால் கசியும். ஒரு காது மட்டும் சத்தம் இறங்கும், சில நேரம் 'கிர்ர்' என்று ஒரு சின்ன இரைச்சல் வரும். பாபநாசம் மலையடிவாரத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயலும் அந்தப் பக்கம் வாய்க்காலுமாக இருக்கிற உங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகை மழையில் இது கட்டாயம் வரும். தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களிலேயே வந்துவிடும். திருச்செந்தூர், உவரிக் கரையோரத்தில் ஈரத்தோடு உப்பும் சேரும், ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் புழுதி. புழுதியை இந்தப் படலம் தானே இழுத்துக்கொள்ளும், மின்னூட்டத்தின் குணம் அது. ஹெட்ஃபோனைத் தொங்கவிட்டு அழகு பார்க்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை வெயிலிலோ சட்டியிலோ சூடாக்கி மறுபடி போடலாம். கேட்பதற்குக் கால்மணி நேரம் முன்பே ஆம்பைப் போட்டு, ஹெட்ஃபோனைச் செருகி வைத்துவிடுங்கள். இடி மின்னல் இருக்கிற நாளில் பிளக்கே சுவரில் இருக்கக் கூடாது.

அப்படியும் ஒரு காது மங்கினால், அவசரப்பட்டு யாரிடமும் காசு கொடுக்காமல், டாக்கிலிருந்து வருகிற இரண்டு வயரையும் இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். மங்கல் அடுத்த காதுக்கு மாறினால் கோளாறு டாக்கிலோ வயரிலோ. மாறாமல் அதே காதில் நின்றால் ஆம்ப் அல்லது ஹெட்ஃபோன். அதை வேறொருவரின் ஹெட்ஃபோனைப் போட்டுத்தான் பிரிக்க முடியும். ரிப்பேர்க்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பயாஸ் 580 வரணும், 395-தான் காட்டுது, போர்டு போச்சு" என்பார். போகவில்லை. பயாஸ் கம்பியில் பாதுகாப்புக்காக 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். சாதாரண மீட்டரின் சொந்தத் தடை 10 மெகா ஓம். இரண்டும் பங்குபோட்டுக்கொண்டால் 580 வோல்ட் 395 ஆகத்தான் தெரியும். 395 காட்டினால் பயாஸ் நலமாக இருக்கிறது என்று பொருள். அந்த ரெசிஸ்டர் இருப்பதால்தான் பயாஸில் கைபட்டாலும் 0.12 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாது. ஆனால் தட்டுகளுக்குப் போகிற பாட்டு வோல்ட்டுக்கு அந்த அளவு காவல் கிடையாது. ஈரத்தலையோடு இதை மாட்டாதீர்கள்.

மற்றக் கம்பெனிகளின் ஹெட்ஃபோனை எடுத்தாலும் இதே ஆம்பில் ஓடுமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 580 வோல்ட், ஐந்து பின் என்று எழுதியிருந்தால் ஓடும். கோஸ் இஎஸ்பி-950 அதன் சொந்தப் பெட்டியோடு, 600 வோல்ட்டோடு வருகிறது. சென்ஹைசரின் பழைய ஹெச்இ 60, ஹெச்இ 90 எல்லாம் தனிப் பின், தனி வோல்ட். வார்விக் கம்பெனியின் ஹெட்ஃபோனும் தன் ஆம்பை விட்டு வெளியே வராது.

இனி, இரண்டு வருடம் காசு சேர்த்துப் பெரிதாக எடுக்கலாமா? பெரியது என்றால் எவை என்று சொல்கிறேன். கெவின் கில்மோர் வடிவமைத்து, ஹெட்ஆம்ப் கம்பெனி செய்கிற ப்ளூ ஹவாய், நான்கு இஎல்34 போட்டது. அவருடைய வடிவமைப்பிலேயே முழுக்க டிரான்சிஸ்டராக வருகிற கேஜிஎஸ்எஸ்எச்வி. ஸ்டாக்ஸின் சொந்த எஸ்ஆர்எம்-டி8000, முன்பாதி ட்யூப், பின்பாதி டிரான்சிஸ்டர், 470 வோல்ட். இவை பொய்யான சரக்கல்ல. மணிக்கு வேண்டிய மில்லி ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும். எஸ்ஆர்-007 மாதிரி கொஞ்சம் மந்தமான ஹெட்ஃபோனை வைத்திருக்கிறவர்கள் இவற்றில் போட்டதும் விழித்துக்கொண்டது என்று சொல்வதை நானே கேட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்களிடம் இருப்பது எல்300. அது ஓட்ட எளிதான மாடு, அதற்கு இரட்டை மூக்கணாங்கயிறு வேண்டாம். அதன் குறை உச்சியில் கொஞ்சம் வெளிச்சம் அதிகம், அடியில் கொஞ்சம் ஒல்லி. இரண்டையும் எந்த ஆம்பும் மாற்றாது. அந்தக் காசை வைத்து அதே வரிசையில் மேலே இருக்கிற எல்700 ஹெட்ஃபோனுக்குப் போனால் கேட்கிற வித்தியாசம் அதிகம்.

ஆகவே என் கையில் காசு இருந்தால் இப்படிச் செய்வேன். 252எஸ் இப்போதே வாங்கி, 12 வோல்ட் அடாப்டரோடு ஓட்டிக்கொண்டிருப்பேன். தவிலைச் சத்தமாகக் கேட்கிற ஆளாக இருந்து, உச்சியில் உண்மையாகவே மூச்சுவாங்குவது காதில் பட்டால், பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட் என்று அச்சடித்த 353எக்ஸுக்கு மாறுவேன். 252எஸ்ஸை விற்றால் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பும், இதற்கு எப்போதும் ஆள் உண்டு. டி1-ஐ என் பாசத்துக்காக நான் வைத்துக்கொள்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாருங்கள். என்னிடம் 353எக்ஸ் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் மாற்றி உயிர் கொடுத்த அந்தப் பழைய ட்யூப் பெட்டியும் இருக்கிறது, நண்பர் ஒருவரின் 252எஸ்ஸை வாங்கி வைக்கிறேன். மூன்றிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எதில் எது ஓடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். வருகிற அன்றைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள், போன மாதம்தான் இயர் பேட் புதிதாக மாற்றினேன்.